இன்டெக்ஸ் இருக்கு... ஆனா இல்லை!

நான் படிக்கிறது பி.காம். சி.ஏ. கல்யாண வீட்டுல யாராவது "தம்பி என்ன படிக்கிறீங்க?"ன்னு கேட்டா இதைச் சொல்வேன். உடனே "ஓ, ஆடிட்டரா!"ன்னு ஒரு மரியாதை வரும். "இல்லைங்க, அது வேற சி.ஏ., இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்"னு விளக்கினதும் வந்த மரியாதை வந்த வழியே திரும்பிப் போயிடும். ஆடிட்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ரெண்டுங்கெட்டான் படிப்பு :-)

ஆனா இந்தப் படிப்பு போன லீவுல ஒரு விஷயத்துல எனக்கு உதவுச்சு. அதே விஷயத்துல நான் ஒரு தப்பும் பண்ணினேன். என் தப்புக்கு வேற ஒருத்தங்க திட்டு வாங்கினாங்க. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். டேட்டாபேஸ்ல ஒரு டேபிளுக்கு எந்தெந்த ஃபீல்டுல இன்டெக்ஸ் போட்டிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? (ஃபீல்டைக் காலம்னும் சொல்வாங்க. ஆனா காலம்னு எழுதினா நேரம்னு நினைச்சுக்குவீங்க, அதனால ஃபீல்டுன்னே வெச்சுக்குவோம்.) "இதெல்லாம் டிபிஏ வேலை, பி.காம். பசங்களுக்கு எதுக்குடா?"ன்னு எங்க வகுப்புல பாதிப்பேர் கேப்பாங்க. என் கட்சி வேற. இது கணக்குப் படிச்சவனோட வேலைதான். ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல கதை.

எங்க ஊர்ல ஒரு மளிகை மொத்தக் கடை. பெயர் வேண்டாமே. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு பில்லையெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கிற வேலைக்கு ஒன்றரை மாசம் போனேன். மூணு கிளை. சரக்கு எடுக்கிற சில்லறைக் கடைக்காரங்க, அதாவது 'பார்ட்டி'ங்க, 600 பேர். பில் போடுறது ஒரு அக்கா. பத்து வருஷமா அந்த நாற்காலியிலதான் இருக்காங்க. எந்தப் பார்ட்டி எத்தனை நாள்ல பணம் கொடுப்பார்னு கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாங்க.

மாசக் கடைசியில எல்லாப் பார்ட்டிக்கும் ஸ்டேட்மென்ட் எடுக்கணும். யார் யார் எவ்வளவு பாக்கின்னு. ஒரு பார்ட்டிக்கு நாலஞ்சு செகண்ட் ஆச்சு. கேக்க ஒண்ணும் பெரிசாத் தெரியாது. 600-ஆல பெருக்கிப் பாருங்க, முக்கால் மணி நேரம்! அந்த முக்கால் மணி நேரமும் புது பில் போட்டா ஸ்கிரீன் அப்படியே நின்னுடும். வாசல்ல லோடு வண்டி காத்திருக்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். உள்ளேருந்து அண்ணாச்சி சத்தம் போடுவார். யாரைப் பார்த்து? அக்காவைப் பார்த்து. "நீ பத்து விண்டோவைத் தொறந்து வெச்சிருப்பே, அதான் இழுக்குது!"

இதுக்கு ரெண்டு தீர்வு பேசிட்டிருந்தாங்க. ஒண்ணு, ஒன்றரை லட்சத்துக்குப் புது சர்வர். கொட்டேஷன் மேஜை மேலேயே கிடந்துச்சு. இன்னொண்ணு, அக்காவை கோடவுன் ரிஜிஸ்டர் எழுத அனுப்பிட்டு, பில் போட வேற ஆள் எடுக்கிறது. இந்த ரெண்டாவது பேச்சு நடந்தப்ப அக்கா பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க.

எனக்கு வேற ஒரு சந்தேகம். டிபிஎம்எஸ் பேப்பர்ல படிச்ச இன்டெக்ஸ் சமாச்சாரம்.

இன்டெக்ஸ்னா என்னன்னு நம்ம பாஷையில சொல்றேன். பழைய தடிமனான லெட்ஜர் பார்த்திருப்பீங்க. முன்பக்கத்துல எந்தக் கணக்கு எந்தப் பக்கத்துலன்னு ஒரு பட்டியல் இருக்கும். அது இருந்தா நேரா அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். இல்லைன்னா முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டணும். டேட்டாபேஸும் அதே மாதிரிதான். பார்ட்டி நம்பருக்கு இன்டெக்ஸ் இல்லைன்னா ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டுக்கும் மொத்த பில் டேபிளையும் படிக்கும். 600 ஸ்டேட்மென்ட்டுக்கு 600 தடவை.

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவங்களுக்கு போன் பண்ணினேன். அவங்க சிரிச்சாங்க. "அதெல்லாம் அப்பவே போட்டாச்சு தம்பி. பார்ட்டி நம்பர் ஃபாரின் கீ வேற, அதுக்கு இன்டெக்ஸ் தானா வந்துடும். நாங்க கொடுத்த எக்ஸெல் ஷீட்டைப் பாருங்க." பார்த்தேன். 'ஐடிஎக்ஸ்_பில்_பார்ட்டி'ன்னு ஒரு இன்டெக்ஸ் பெயர் இருந்துச்சு. பில் டேபிள், பார்ட்டி ஃபீல்டு. பெயரே சொல்லுதே!

ஆனாலும் எக்ஸெல் ஷீட் மனுஷன் அடிச்சது. டேட்டாபேஸ்கிட்டயே கேட்டுடலாமேன்னு தோணுச்சு.

கேக்க முடியும். டேட்டாபேஸ் தன்னைப் பத்தித் தானே ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்கும். என்னென்ன டேபிள், அதுல என்னென்ன ஃபீல்டு, என்னென்ன இன்டெக்ஸ், எல்லாம் அதுல இருக்கும். அதுக்குப் பேர்தான் சிஸ்டம் கேட்டலாக். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தக் கணக்கும் டேபிள் வடிவத்துலதான் இருக்கும். பில்லைத் தேட எழுதுற அதே செலக்ட் குவரியால அதையும் தேடலாம். இது தற்செயல் இல்லை. ரிலேஷனல் மாடலைக் கொடுத்த எட்கர் காட் 1985-ல கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில எழுதின விதிகள்ல நாலாவது இதைத்தான் சொல்லுது. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நாம மனப்பாடம் பண்ற அதே பன்னிரண்டு விதிகள்தான். நானும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். அர்த்தம் புரிஞ்சது அந்தக் கடையிலதான்.

கடையில இருந்தது போஸ்ட்கிரெஸ். ரிப்போர்ட் எடுக்க மட்டும் உதவுற ஒரு யூசர் எனக்குக் கொடுத்திருந்தாங்க. எதையும் மாத்த முடியாது, படிக்கலாம். கேட்டலாக் பார்க்க அதுவே போதும். குவரியை அப்படியே இங்க ஒட்டினா பாதிப்பேர் ஓடிடுவீங்க, அதனால தமிழ்லயே சொல்றேன்.

மூணு டேபிளைச் சேர்க்கணும். 'பிஜி_கிளாஸ்'ல ஒவ்வொரு டேபிளுக்கும் ஒவ்வொரு இன்டெக்ஸுக்கும் ஒரு ரெக்கார்டு இருக்கும், பெயரும் ஒரு நம்பருமா. 'பிஜி_இன்டெக்ஸ்'ல ஒவ்வொரு இன்டெக்ஸும் எந்த டேபிளைச் சேர்ந்ததுன்னு இருக்கும். கூடவே 'இன்ட்கீ'ன்னு ஒரு பட்டியல். அதுல ஃபீல்டு பெயர் இருக்காது, ஃபீல்டு நம்பர்தான் இருக்கும். அந்த நம்பருக்குப் பெயர் என்னன்னு மூணாவதா 'பிஜி_அட்ரிபியூட்'ல பார்க்கணும். லெட்ஜர் ஃபோலியோ நம்பரைப் பிடிச்சுக்கிட்டு ஜர்னல்லேருந்து லெட்ஜருக்குப் போற மாதிரிதான்.

நெட்ல தேடினா இதுக்கு ரெடிமேடா ஒரு குவரி எங்க பார்த்தாலும் கிடைக்கும். "ஃபீல்டு நம்பர் இன்ட்கீ பட்டியல்ல எங்கேயாவது இருந்தா காட்டு"ங்கிற மாதிரி, 'எனி' போட்டு எழுதியிருப்பாங்க. அதை எடுத்தேன். பதில் தாறுமாறா வரக் கூடாது, அழகா இருக்கட்டும்னு ஃபீல்டு நம்பர்படி வரிசைப்படுத்தினேன். பதில் வந்துச்சு:

ஐடிஎக்ஸ்_பில்_பார்ட்டி: பார்ட்டி நம்பர், பில் தேதி, கிளை கோடு.

ஆக, இன்டெக்ஸ் இருக்கு. பார்ட்டி நம்பர்தான் முதல்ல இருக்கு. எக்ஸெல் சொன்னது சரி, சாஃப்ட்வேர்காரர் சொன்னது சரி. அண்ணாச்சிகிட்ட போய், "இன்டெக்ஸெல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி, பிரச்சினை வேற எங்கேயோ"ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். 'வேற எங்கேயோ'ன்னா அவருக்கு ஒரே ஒரு இடம்தான். அன்னைக்கு அக்காவுக்கு விழுந்த திட்டு வழக்கத்தைவிட அதிகம். "படிச்ச பையனே பார்த்துட்டுச் சொல்லிட்டான்"னு என்னையும் சாட்சிக்கு இழுத்தார். அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. சாயங்காலம் டீ வந்தப்ப எப்பவும் எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வைப்பாங்க. அன்னைக்கு வைக்கலை.

ராத்திரி தூக்கம் வரலை. காலையில சீக்கிரமே போய் இந்தத் தடவை இன்ட்கீயை வெறுமனே அப்படியே எடுத்துப் பார்த்தேன். அதுல இருந்தது: 7 3 2.

ஏழு கிளை கோடு. மூணு தேதி. ரெண்டு பார்ட்டி.

நான் "அழகா இருக்கட்டும்"னு அடுக்கினதுல 2, 3, 7 ஆகி பார்ட்டி முன்னாடி வந்துட்டார். உண்மையில அவர் கடைசி. கேட்டலாக் சரியாத்தான் எழுதி வெச்சிருந்துச்சு, அதைக் கலைச்சது நான்.

வரிசை மாறினா என்னன்னு கேக்கிறீங்களா? மறுபடி லெட்ஜருக்கு வாங்க. இன்டெக்ஸ் பக்கத்தை ஊர் வாரியா எழுதி, ஒவ்வொரு ஊருக்குள்ளயும் கடைப் பெயர் வாரியா எழுதியிருக்காங்கன்னு வைங்க. ஊரும் கடைப் பெயரும் தெரிஞ்சா சட்டுனு கிடைக்கும். ஊர் மட்டும் தெரிஞ்சாலும் கிடைக்கும். கடைப் பெயர் மட்டும்தான் தெரியும்னா? ஒவ்வொரு ஊராத் தேடணும். கடைப் பெயர் இன்டெக்ஸ்ல இருக்கத்தான் இருக்கு, ஆனா பிரயோஜனம் இல்லை. (ஊர் ஊரா தாவித் தேடுற வித்தை சில டேட்டாபேஸுக்குத் தெரியும். ஆரக்கிள்ல 9ஐ காலத்துலேருந்து இருக்கு, போஸ்ட்கிரெஸ்ல 2025-ல வந்த 18-ல சேர்த்திருக்காங்க. கடையில இருந்தது பழசு. தவிர, நடுவுல தேதி மாதிரி ஆயிரக்கணக்கான மதிப்பு நின்னா அந்த வித்தையும் பெரிசா கை கொடுக்காது.)

ஃபாரின் கீ விஷயமும் அப்படித்தான். மைஎஸ்க்யூஎல்ல இன்னோடிபி டேபிளா இருந்தா ஃபாரின் கீக்கு இன்டெக்ஸ் தானா வரும். போஸ்ட்கிரெஸ்ல வராது, நாமதான் போடணும். சாஃப்ட்வேர்காரர் பொய் சொல்லலை. வேற டேட்டாபேஸோட பழக்கத்தை இங்க சொல்லிட்டார்.

அப்புறம்தான் தெரிஞ்சது, போஸ்ட்கிரெஸ்ல இவ்வளவு சுத்தவே வேண்டாம். 'பிஜி_இன்டெக்ஸஸ்'னு ஒரு வியூ இருக்கு. அதுல 'இன்டெக்ஸ்டெஃப்'னு இருக்கிறதைப் படிச்சா, இன்டெக்ஸை உருவாக்குற கட்டளையே முழுசா, சரியான வரிசையோட வரும். ஃபீல்டு ஃபீல்டா வேணும்னா 2014-ல வந்த 9.4 பதிப்புலேருந்து 'வித் ஆர்டினாலிட்டி'ன்னு ஒண்ணு இருக்கு. பட்டியலைப் பிரிக்கும்போது ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு இடத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

மத்த டேட்டாபேஸ்லயும் துழாவிப் பார்த்தேன். ஆரக்கிள்ல 'யூசர்_இன்ட்_காலம்ஸ்'. அதுல 'காலம்_பொசிஷன்'னு ஒரு ஃபீல்டு. மைஎஸ்க்யூஎல்ல 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா'வுக்குள்ள 'ஸ்டாடிஸ்டிக்ஸ்'. அதுல 'சீக்_இன்_இன்டெக்ஸ்'. எஸ்க்யூஎல் சர்வர்ல 'சிஸ்.இன்டெக்ஸ்_காலம்ஸ்'. அதுல 'கீ_ஆர்டினல்'. கவனிச்சீங்களா? பெயர்தான் வேற வேற. ஆனா எல்லாத்துலயும் 'எத்தனையாவது இடம்'னு சொல்றதுக்குத் தனியா ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க. இடம் முக்கியம்னு இதையெல்லாம் கட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நெட்லேருந்து சுட்ட குவரியை ஒட்டின எனக்குத்தான் தெரியலை.

(பெயர் ஏன் ஒவ்வொண்ணுலயும் வேறன்னா, எஸ்க்யூஎல் தரநிலை இன்டெக்ஸைப் பத்தி எதுவுமே வரையறுக்கலை. எல்லாருக்கும் பொதுவான இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவுல பிரைமரி கீ, ஃபாரின் கீ எல்லாம் இருக்கும். இன்டெக்ஸுக்கு அதுல இடம் கிடையாது. மைஎஸ்க்யூஎல் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கிச்சு. போஸ்ட்கிரெஸ்ல அங்க போய்த் தேடினா, தனியாப் போட்ட இன்டெக்ஸ் எதுவும் கிடைக்காது. இன்டெக்ஸே இல்லைன்னு முடிவு பண்ணிடுவீங்க.)

சரி, கடைக்கு வருவோம். அந்த ஒரு வரி இன்டெக்ஸ்டெஃப்பை சாஃப்ட்வேர்காரருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "நாளைக்குப் பார்க்கிறோம்"னு பதில். மறுநாள் கடை மூடினதும் பார்ட்டி நம்பரை முதல்ல வெச்சு ஒரு புது இன்டெக்ஸ் போட்டாங்க. அடுத்த தடவை ஸ்டேட்மென்ட் எடுத்தப்ப ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது. அதே பழைய சர்வர். அதே அக்கா.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். இது ஏன் நம்ம வேலை?

ஆடிட்டிங் பேப்பர்ல கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு படிச்சிருப்பீங்க, 1896. சரக்கு இருப்பைப் பத்தி மேனேஜர் எழுதிக் கொடுத்த சான்றிதழை ஆடிட்டர்கள் நம்பினாங்க. சரக்கைத் தாங்களே போய் எண்ணலை. இருப்பு கூட்டிக் காட்டினதுன்னு பிறகு தெரிஞ்சது. கோர்ட்டு ஆடிட்டர்களைப் பொறுப்பாக்கலை. ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லைங்கிற புகழ்பெற்ற கருத்து வந்தது அதுலதான். அதுக்கு 40 வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1938-ல, அமெரிக்காவுல மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மோசடி வெளிவந்துச்சு. புத்தகத்துல இருந்த சரக்குல ஒரு பகுதி எங்கேயுமே இல்லை! அதுக்கப்புறம்தான், 1939-ல, ஆடிட்டர் சரக்குக் கணக்கெடுப்பை நேர்ல பார்க்கணும்ங்கிறது அங்க ஆடிட்டிங் நடைமுறையாச்சு.

எக்ஸெல் ஷீட்ல இருந்த இன்டெக்ஸ் பட்டியல் மேனேஜர் சான்றிதழ் மாதிரி. இன்டெக்ஸோட பெயர் மூட்டை மேல ஒட்டின சீட்டு மாதிரி. கேட்டலாக்தான் கோடவுன். "எழுதியிருக்கே, போதாதா?"ன்னு கேக்காம கோடவுனுக்குப் போய்ப் பார்க்கிற புத்தி கணக்குப் படிச்சவனுக்கு இருக்கணும். அதனாலதான் இது நம்ம வேலைன்னு சொல்றேன்.

ஆனா கோடவுனுக்குப் போனா மட்டும் போதாது. நான் போனேனே! போய், மூட்டையை எண்ணிட்டு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம வந்துட்டேன். என் ஆதங்கமே இதுதான். எக்ஸெல்லை நம்பின அண்ணாச்சியைவிட, கேட்டலாக்கைப் பாதி படிச்சுட்டு 'சரியா இருக்கு'ன்னு சொன்ன நான்தான் அக்காவுக்கு அதிகக் கெடுதல் பண்ணினேன். அண்ணாச்சி சொன்னது சந்தேகம். நான் சொன்னது சான்றிதழ்.

அதனால 'எந்த ஃபீல்டுல இன்டெக்ஸ் இருக்கு?'ங்கிறது பாதிக் கேள்வி. முழுக் கேள்வி இப்படி இருக்கணும்:

1. எத்தனையாவது இடத்துல இருக்கு?

2. சாவியா இருக்கா, சும்மா கூட ஒட்டிக்கிட்டு இருக்கா? எஸ்க்யூஎல் சர்வர்லயும், போஸ்ட்கிரெஸ் 11-லேருந்தும், தேடுறதுக்கு இல்லாம கூட எடுத்து வர்றதுக்குன்னு 'இன்க்ளூட்' ஃபீல்டு சேர்க்கலாம். பட்டியல்ல அதுவும் வந்து நிக்கும், ஏமாந்துடாதீங்க.

3. ஃபீல்டா, ஃபீல்டை வெச்சுப் போட்ட கணக்கா? சின்ன எழுத்தாக்கின பெயருக்கு இன்டெக்ஸ் போட்டிருந்தா, இன்ட்கீயில ஃபீல்டு நம்பர் இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யம் இருக்கும்.

4. மொத்த டேபிளுக்குமா, நிபந்தனை போட்ட ஒரு பகுதிக்கு மட்டுமா?

5. உயிரோட இருக்கா? போஸ்ட்கிரெஸ்ல வேலை நடக்கும்போதே போடுற இன்டெக்ஸ் பாதியில தோத்துப்போனா, பெயர் மட்டும் கேட்டலாக்ல தங்கிடும். 'இன்டிஸ்வேலிட்'னு ஒரு ஃபீல்டு பொய்னு காட்டும். தேடுறதுக்கு அது பயன்படாது.

இதைப் படிச்சுட்டு எல்லா ஃபீல்டுக்கும் இன்டெக்ஸ் போடக் கிளம்பிடாதீங்க. ஒவ்வொரு புது பில் போடும்போதும் அத்தனை இன்டெக்ஸையும் டேட்டாபேஸ் திருத்தணும். லெட்ஜர்ல ஒரு என்ட்ரிக்குப் பத்து இன்டெக்ஸ் பக்கம் எழுதுற மாதிரி ஆயிடும்.

கடைசியா ஒண்ணு. சர்வர் வாங்கலை, ஒன்றரை லட்சம் மிச்சம். அண்ணாச்சி எனக்கு ஒரு பேனா செட் கொடுத்தார். அக்காகிட்ட ஒண்ணும் சொல்லலை. கோடவுன் ரிஜிஸ்டர் பேச்சு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. நான் போய், "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பாதிதான் பார்த்தேன்"னு சொன்னேன். அவங்க ஸ்கிரீன்லேருந்து கண்ணை எடுக்காம, "அப்போ நான் காரணம் இல்லைல்ல தம்பி?"ன்னு கேட்டாங்க.

"இல்லைக்கா."

"இதை அண்ணாச்சி இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கணும். மறுநாள் அண்ணாச்சி முன்னாடியே சொன்னேன். அவர் காதுல விழுந்த மாதிரி காட்டிக்கலை. ஆனா அன்னைக்கு சாயங்காலம் என் மேஜையில டீ டம்ளர் இருந்துச்சு.

டிஸ்கி: உங்க காலேஜ் லேப்ல எந்த டேட்டாபேஸ் இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு டேபிளோட இன்டெக்ஸை முதல்ல பெயரை வெச்சு ஊகிச்சு எழுதுங்க. அப்புறம் கேட்டலாக்ல பாருங்க. எத்தனை தப்புன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும்தான் ஏமாந்தேனான்னு தெரிஞ்சுக்கணும் :-)